மஞ்சள் கொண்டைக்கு ஒரு மாலை

காட்டில் நடந்த கதைகளை நிறையக் கேட்டிருப்பீர்கள், குழந்தைகளே. இந்தக் கதை நடந்த இடத்தில் காடு கிடையாது. ஒரு மரம்கூடக் கிடையாது. உலகத்தின் தென்கோடியில், அலைகளுக்கு நடுவே, கல்லும் காற்றும் மட்டும் உள்ள ஒரு தீவு. அங்கே பென்குயின்கள் கல்லிடுக்கில் வளை அமைத்துக் குடியிருந்தன. பறவைகள்தாம், ஆனால் பறக்கத் தெரியாது. அதைப் பற்றி அவை கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

அந்தத் தீவில் சுழலி என்று ஒரு பென்குயின் இருந்தாள். எதையும் ஒருமுறைக்கு இருமுறை பார்க்கிறவள். அவளுடைய கணவன் பொறையன். மழை பெய்தால் நனைவான், வெயில் அடித்தால் காய்வான், வாயைத் திறக்க மாட்டான். அவ்வளவு பொறுமை. அவர்களுக்கு ஒரே ஒரு குஞ்சு. உடம்பெல்லாம் சாம்பல்நிறப் பஞ்சு. நடுவில் எப்போதும் திறந்தபடி ஒரு வாய்.

பென்குயின் வீட்டில் ஒரு முறை உண்டு. ஒருவர் கடலுக்குப் போய் மீன் கொண்டுவர வேண்டும். அவர் திரும்பும்வரை மற்றவர் குஞ்சைவிட்டு நகரக் கூடாது. ஏனென்றால் மேட்டுப் பாறையில் வெள்ளைக் கடற்காகம் ஒன்று எப்போதும் உட்கார்ந்திருக்கும். அது யாருக்கும் கெடுதல் நினைக்காது. தனியாக இருக்கும் குஞ்சை மட்டும் தின்னும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பென்குயினின் அலகு முதுகுக்கு எட்டும், வாலுக்கு எட்டும், கால் இடுக்குக்கும் எட்டும். சொந்தத் தலைக்கு மட்டும் எட்டாது. ஆகவே கடலிலிருந்து வந்தவர் முதலில் குனிந்து தலையைக் காட்டுவார். வீட்டில் இருப்பவர் அலகால் கோதி, ஒட்டியிருக்கும் உப்பையும் பேனையும் எடுத்துப் போடுவார். பிறகு வீட்டில் இருந்தவர் குனிவார்; வந்தவர் கோதுவார். அதெல்லாம் முடிந்த பிறகுதான் மீன் எங்கே என்ற பேச்சே வரும்.

ஒருநாள் சுழலியின் முறை. அவள் கடலுக்குப் போனாள். ஏதோ ஒரு கப்பல் சிந்திவிட்டுப் போன எண்ணெய் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. அது அவள் வயிற்றில் பட்டுவிட்டது. எண்ணெய் பட்ட பென்குயினும் நனைந்த கோணியும் ஒன்றுதான். நீந்த முடியவில்லை, குளிர் தாங்கவில்லை. அலை அவளைக் கொண்டுபோய் வேறொரு கரையில் தள்ளியது.

அந்தக் கரையில் மனிதர்கள் ஒரு காப்பகம் நடத்திவந்தார்கள். எல்லாரும் நீலச் சட்டை போட்டவர்கள், நல்லவர்கள். சுழலியைக் கூடையில் தூக்கிப் போனார்கள். சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினார்கள். மீனை வாய்வரை கொண்டுவந்து ஊட்டினார்கள். ஆனால் சுழலிக்குத்தான் அந்த மீன் தொண்டையில் இறங்கவில்லை.

"அவர் எழுந்து போனா கடற்காகம் வந்திடும். எழுந்து போகலைன்னா ரெண்டு பேரும் பட்டினி" என்று அவள் புலம்பினாள்.

பக்கத்து வளைக்காரி குஞ்சை ஒருநாள் பார்த்துக்கொள்வாள். இன்னொரு நாளும் பார்த்துக்கொள்வாள். அதற்கு மேல் அவளுக்கும் குடும்பம் இருக்கிறது.

எண்ணெய் போய், இறகு பழையபடி ஆனவர்களை நீலச் சட்டைக்காரர்கள் படகில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுபோய் விடுவார்கள். அதற்கு முன் ஒரு சோதனை உண்டு. யார் தலையிலாவது உண்ணி இருந்தால் படகில் இடம் இல்லை.

இது நியாயமான விதி. உண்ணி இரத்தம் குடிக்கும் பூச்சி. தின்று கொழுத்த பெரியவர் தலையில் ஒன்றிரண்டு இருந்தால் அவர் சொறிந்துகொண்டு காலத்தைத் தள்ளிவிடுவார். பஞ்சு முளைத்த குஞ்சால் முடியாது. அதிலும் இது கோழியிடமும் வாத்திடமும் இருந்து வரும் கரையோரத்து உண்ணி. கடிக்கிறபோதே காய்ச்சலையும் உள்ளே விட்டுவிடும். தீவில் பிறந்தவர்கள் அந்தக் காய்ச்சலைக் கண்ணால் கண்டதில்லை. காணாத நோயை எதிர்க்க உடம்புக்குத் தெரியாது. ஓர் உண்ணி ஊர் போய்ச் சேர்ந்தால் போதும், அந்த வருடக் குஞ்சுகள் அத்தனையும் போய்விடும்.

இந்தச் சோதனையை நடத்தியவர் வீரபாகு. அவரும் பென்குயின்தான். ஆனால் வேறு கடல், வேறு இனம். மற்றவர்களுக்கு மழமழவென்ற தலை. அவருக்கோ இரண்டு புருவத்திலிருந்தும் கிளம்பி, அடர்ந்து, பிடரிவரை புரளும் மஞ்சள் கொண்டை. ஓர் இறக்கை ஒடிந்து கூடியவர் என்பதால் அவரைக் கடலுக்கு அனுப்பாமல் காப்பகத்திலேயே வைத்துக்கொண்டார்கள்.

எப்போதோ ஒருமுறை அவர் பக்கத்தில் நின்றவன் தலையில் ஓர் உண்ணியைப் பார்த்துவிட்டு "உண்ணி! உண்ணி!" என்று கத்தினார். நீலச் சட்டைக்காரர்கள் ஓடிவந்து பார்த்தார்கள். உண்மையாகவே உண்ணி இருந்தது. அவருக்கு ஒரு கொழுத்த மீன் கிடைத்தது. அன்றிலிருந்து அவர் அதிகாரி. யார் நியமித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கொண்டையைப் பார்த்த பிறகு கேட்கத் தோன்றவும் இல்லை.

மற்றவர்கள் ஈரக் கல்லில் படுப்பார்கள். அதிகாரி அப்படிப் படுக்கலாமா? கோழிக்கூண்டை ஒட்டிய மூலையில், காய்ந்த வைக்கோல்மேல் அவர் படுத்துக்கொள்வார். அந்த வைக்கோலை வேறு யாரும் மிதிக்கக் கூடாது என்பது அவர் போட்ட விதி.

சுழலியின் முறை வந்தது. வீரபாகு ஒரு கல்லின் மேல் ஏறி நின்றார். சோதனைக்கு வருபவர் கீழே நின்று தலையைக் குனிய வேண்டும்.

"பெயர்?"

"சுழலிங்க ஐயா."

"ஊர்?"

"தீவுங்க."

"உண்ணி உண்டா?"

"எனக்குத் தெரியாதுங்க. என் தலை எனக்குத் தெரியாதே."

"அதற்காகத்தான் யாம் இருக்கிறோம்" என்றார் வீரபாகு. அவர் தம்மைப் பன்மையில்தான் குறிப்பிடுவார்.

அவர் கல்லிலிருந்து எட்டிச் சாய்ந்து, அவள் தலையை அங்குலம் அங்குலமாகக் கோதிப் பார்த்தார். அவருடைய கொண்டை முன்னால் சரிந்து சுழலியின் பிடரியில் துடைப்பம் போலப் புரண்டது. கூச்சமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள் என்று சொல்லியிருப்பேன். பென்குயினுக்குப் பல் கிடையாது. சும்மாவே நின்றாள்.

"சுத்தம். நாளை மறுசோதனை" என்றார் வீரபாகு.

மறுநாளும் அவள் குனிந்தாள். கொண்டை புரண்டது. அலகு கோதியது. சட்டென்று நின்றது.

"உண்ணி! உண்ணி!"

நீலச் சட்டைக்காரர்கள் ஓடிவந்தார்கள். பார்த்தார்கள். இருந்தது. அதைப் பிடுங்கினார்கள். அவளைத் தூக்கிப் பின்கொட்டகையில் விட்டார்கள். அவள் கண்ணெதிரே படகு போனது.

"நேத்து இல்லாதது இன்னைக்கு எப்படிங்க ஐயா வந்துச்சு?" என்று சுழலி கேட்டாள்.

"நேற்று ஒளிந்திருந்தது. மறுசோதனையின் அருமை இப்போது விளங்குகிறதா?" என்றார் வீரபாகு.

பின்கொட்டகையில் ஏற்கெனவே நல்ல கூட்டம். அதில் மன்னாரு என்று ஒருவன், சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, வாயை மட்டும் திறந்து வைத்திருந்தான். மீன் வந்து விழும் நேரம் அது.

"புதுசா தங்கச்சி?" என்றான் கண்ணைத் திறக்காமல். "கவலைப்படாதே. எனக்கு எத்தனை படகு போச்சுன்னு எனக்கே மறந்துபோச்சு. இங்கே என்ன குறைச்சல்? வேளைக்கு மீன். அலை கிடையாது. சுறா கிடையாது."

"என் குஞ்சு அங்கே இருக்கு அண்ணே."

மன்னாரு கண்ணைத் திறந்தான். மறுபடி மூடிக்கொண்டான்.

அடுத்த படகுக்கு முன்பும் சோதனை நடந்தது. முதல் நாள் சுத்தம். மறுநாள் உண்ணி. படகு போனது.

இதில் வேடிக்கை என்னவென்றால், உண்ணி அதிகமாக அதிகமாக வீரபாகுவின் புகழும் அதிகமானது. "பாருங்கள், எவ்வளவு உண்ணி! யாம் மட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டார். ஒருநாளைக்கு ஒரு சோதனை என்றிருந்ததை இரண்டாக்கினார். உண்ணியும் இரண்டு மடங்கானது. எல்லாருக்கும் அவர்மேல் பயபக்தி வந்துவிட்டது.

அப்போது தீவிலிருந்து புதிதாக ஒருத்தி எண்ணெயோடு வந்து சேர்ந்தாள். சுழலி அவளிடம் ஓடினாள்.

"எங்க வீட்டுக்காரரைப் பார்த்தியா? குஞ்சு இருக்கா?"

"இருக்கு. அவரும் இருக்கார். பாதியா இருக்கார்" என்றாள் வந்தவள். "பக்கத்து வளைக்காரி இப்போ பார்க்கிறதில்லை. கொஞ்ச நேரம் கரையோரமா ஓடி, சிக்கின பொடிமீனைக் கவ்விட்டு ஓடியாறார். கடற்காகம் இப்போ மேட்டுப் பாறையில இல்லை. உங்க வளை வாசல்லயே உட்கார்ந்திருக்கு."

சுழலி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று முழுவதும் அழுதாள். அழுது முடித்த பிறகு, எதையும் இரண்டு முறை பார்க்கிறவள் அல்லவா, நடந்ததை எல்லாம் இரண்டாவது முறை யோசித்துப் பார்த்தாள்.

காப்பகத்தில் வெடுக்கி என்று ஒரு பென்குயின் இருந்தாள். மூக்குமேல் கோபம். கிட்டே யார் வந்தாலும் வெடுக்கென்று கடித்துவிடுவாள். வீரபாகுவையும் ஒருமுறை கடித்திருக்கிறாள். அன்றிலிருந்து 'இவளுக்குச் சோதனையிலிருந்து விலக்கு' என்று அவர் விதி செய்துவிட்டார். சோதனை இல்லை என்றால் படகும் இல்லை. வெடுக்கி அதற்கும் சேர்த்து எல்லாரையும் கடித்துக்கொண்டிருந்தாள்.

சுழலி அவளிடம் போய்த் தள்ளி நின்றே கேட்டாள். "அக்கா, உங்களுக்கு எப்பவாவது உண்ணி வந்திருக்கா?"

"எனக்கா? அதுக்கு அவ்வளவு தைரியமா?"

"உங்க தலையை நான் பார்க்கலாமா? எங்க தீவு வழக்கம். அப்புறம் நீங்க என் தலையைப் பாருங்க."

வெடுக்கியின் தலையை யாரும் தொட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. கடிப்பதா வேண்டாமா என்று யோசித்தாள். பிறகு முறைத்துக்கொண்டே குனிந்தாள். சுழலி ஒவ்வோர் இறகாகப் பார்த்தாள். ஓர் உண்ணிகூட இல்லை. உண்ணி இருந்த தழும்புகூட இல்லை.

"அக்கா, நாம எல்லாரும் ஒரே கல்லுல படுக்கிறோம். ஒரே குளத்துல குளிக்கிறோம். ஒரே மீனைத் தின்கிறோம். எங்களுக்கு இருக்கிறது உங்களுக்கு ஏன் இல்லை?"

"ஏன்னா, அந்தக் கொண்டைக்காரன் என் கிட்டே வர்றதில்லை."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று வெடுக்கிக்கே விளங்கியது. இருவரும் திரும்பி முற்றத்தைப் பார்த்தார்கள். அங்கே வீரபாகு தூய்மையைப் பற்றி ஒரு கூட்டத்துக்குச் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்தார். ஆற்றிக்கொண்டே ஒரு காலைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். பிறகு கம்பத்தில் தலையைத் தேய்த்தார். பிறகு சொற்பொழிவைத் தொடர்ந்தார்.

சுழலி நேரே அவரிடமே போனாள். உள்ளதைச் சொன்னால் புரிந்துகொள்வார் என்று நினைத்தாள். பாவம், அவளுக்கு அதிகாரிகளோடு பழக்கம் இல்லை.

"ஐயா, உங்க தலை அரிக்குதா?"

"சிந்தனையின் வேகம். தலையில் அப்படி ஒரு குறுகுறுப்பு ஏற்படும்."

"நான் கொஞ்சம் பார்க்கட்டுமா?"

வீரபாகுவின் கொண்டை சிலிர்த்து நின்றது. "அதிகாரியைச் சோதிப்பதா? யாம் படகில் ஏறப் போகிறோமா? இல்லை. படகில் ஏறாத தலையைச் சோதிக்கத் தேவை இல்லை. இதுகூடத் தெரியாத நீ எமக்கு விதி சொல்கிறாயா? நாளை முதல் உனக்கு மூன்று வேளைச் சோதனை!"

சுழலி பின்கொட்டகைக்குத் திரும்பினாள். கூடவே இன்னொரு செய்தியும் வந்தது. குளிர்காலம் நெருங்கிவிட்டது. இன்னும் ஒரே ஒரு படகுதான். அதன் பிறகு கடல் கொந்தளிக்கத் தொடங்கிவிடும்; வசந்தம்வரை எந்தப் படகும் போகாது.

"நான் போய் எல்லார்கிட்டயும் சொல்றேன்" என்று வெடுக்கி கிளம்பினாள்.

"நம்ப மாட்டாங்க அக்கா. நீங்க கடிக்கிறவங்க. நான் உண்ணிக்காரி. எல்லாரும் தங்கள் கண்ணால பார்க்கணும். ஆனா அவர் எப்பவும் கல்லுமேலயே நிற்கிறார். அந்தத் தலை குனிஞ்சு யாருமே பார்த்ததில்லை."

சுழலி குளத்தையே வெறித்துப் பார்த்தாள். கடல்நீர் வரும் குழாயின் வாயில் நீளநீளமாகக் கடல்பாசி சிக்கி ஆடிக்கொண்டிருந்தது.

"அதிகாரி எப்போ அக்கா குனிவார்?" என்றாள்.

"எப்பவும் குனிய மாட்டான்."

"மாலை போட்டா?"

படகு புறப்படும் நாள் காலையில் சுழலி வீரபாகுவின் முன் போய்ப் பணிவாக நின்றாள்.

"ஐயா, நீங்க எங்களுக்காக இவ்வளவு பாடுபடுறீங்க. நாங்க எல்லாரும் சேர்ந்து உங்களுக்கு ஒரு பாராட்டு விழா வைக்கலாம்னு இருக்கோம். சின்ன விழாதான். உங்களுக்கு இதெல்லாம் பிடிக்காதுன்னு தெரியும்."

"பிடிக்காதுதான்" என்றார் வீரபாகு. "எப்போது?"

"இப்பவே."

"மக்களின் அன்பை மறுப்பது முறையல்ல" என்றார் அவர். அதற்குள் பாதி தூரம் நடந்துவிட்டிருந்தார்.

முற்றத்தில் எல்லாரும் கூடினார்கள். வாழ்த்துரை வழங்க மன்னாருவைப் பிடித்து இழுத்து வந்தார்கள். விழா என்றால் மீன் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவன் எழுந்தான்.

"நம்ம வீரபாகு ஐயா இருக்காரே, அவரைப் பத்திச் சொல்லணும்னா, இன்னைக்கு நான் இங்கே இருக்கேன்னா அதுக்கு அவர்தான் காரணம்" என்றான் மன்னாரு.

அவன் சொன்னது முற்றிலும் உண்மை. எல்லாரும் இறக்கையைத் தட்டினார்கள்.

சுழலி பாசி மாலையோடு முன்னே வந்தாள். கொழகொழவென்று, தண்ணீர் சொட்ட, நல்ல கனமான மாலை. வீரபாகு வழக்கம்போலக் கல்லின் மேல் நின்றிருந்தார்.

"எட்டலைங்க ஐயா. கொஞ்சம் இறங்குங்க."

இறங்கினார்.

"கொண்டையில மாட்டுதுங்க. கொஞ்சம் குனியுங்க."

குனிந்தார். மாலைக்காக எவ்வளவு வேண்டுமானாலும் குனிவார் போலிருந்தது. சுழலி மாலையைப் போடும் சாக்கில் அலகால் அந்த மஞ்சள் கொண்டையை இரண்டாகப் பிரித்தாள்.

கூட்டம் எட்டிப் பார்த்தது. கொண்டைக்கு அடியில் உண்ணிகள். ஆமணக்கு விதைபோல ஊதி, பளபளத்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. இடம் கிடைக்காத பொடி உண்ணிகள் விளிம்பில் ஊர்ந்தபடி காத்திருந்தன.

"என்ன? மாலை சரியாக விழவில்லையா?" என்று கேட்டார் வீரபாகு, குனிந்தபடியே.

"இடம் இல்லைங்க ஐயா. ஏற்கெனவே ஆள் இருக்காங்க" என்றாள் சுழலி.

அப்போது ஓர் உண்ணி, தின்ற கனம் தாங்காமல், கொண்டையிலிருந்து கழன்று வீரபாகுவின் அலகுக்கு நேர்கீழே தரையில் பொத்தென்று விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். ஒன்று சொல்ல வேண்டும் குழந்தைகளே, அவர் கடமையில் தவறாதவர்.

"உண்ணி! உண்ணி!" என்று கத்தினார்.

நீலச் சட்டைக்காரர்கள் ஓடிவந்தார்கள். வீரபாகு குனிந்த நிலையிலேயே சுற்றியிருந்தவர்களை அதட்டினார்.

"யாருடையது இது? உண்மையைச் சொல்லுங்கள். இவ்வளவு பெரிய உண்ணியை வளர்த்தவர் யார்?"

எல்லாரும் அவர் தலையையே பார்த்தார்கள். நீலச் சட்டைக்காரர்களும் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் தம் தலையில் அடித்துக்கொண்டார்.

வீரபாகுவுக்கு மெல்ல விளங்கத் தொடங்கியது.

"அவை மாதிரிகள்" என்றார். "ஆய்வுக்காக யாம் சேகரித்து வைத்தவை."

"எல்லாம் உயிரோட இருக்கே" என்றாள் வெடுக்கி.

"தரமான மாதிரிகள்" என்றார் வீரபாகு. ஆனால் குரல் எழும்பவில்லை.

நீலச் சட்டைக்காரர்கள் அவரைத் தூக்கி மேசைமேல் வைத்து, சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். கோழிக்கூண்டு மூலைக்குப் போய் வைக்கோலைக் கிளறினார்கள். அதிலும் நெளிந்தது. மொத்தமாக அள்ளி நெருப்பு வைத்தார்கள். கொண்டைக்கு மருந்து பூசினார்கள். கொண்டை நனைந்து தலையோடு ஒட்டிக்கொண்டது. அது இல்லாமல் பார்த்தால் வீரபாகுவும் எல்லாரையும் போலத்தான் இருந்தார். கொஞ்சம் சின்னவராகவும் இருந்தார்.

அவர் பின்கொட்டகைப் பக்கம் பார்த்தார். "அங்கே இருக்கிறவர்கள் எல்லாரும்..." என்று தொடங்கினார்.

"ஆமாங்க ஐயா. எல்லாரும் உங்ககிட்ட வாங்கினதுதான்" என்றாள் சுழலி.

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. போன படகுகள், வளை வாசலில் உட்கார்ந்திருக்கும் கடற்காகம், பாதியாய்ப் போன பொறையன், எல்லாம் நினைவுக்கு வந்தன. ஓங்கி ஒரு கொத்துக் கொத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் படகு துறையில் நின்றது. கொத்த ஆரம்பித்தால் நேரம் போய்விடும்.

"என் தலையில இப்போ என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது" என்று அவள் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். "உங்க தலை உங்களுக்கும் தெரியாது. எல்லாரும் வட்டமா நில்லுங்க. ஒவ்வொருத்தரும் முன்னால நிற்கிறவங்க தலையைப் பாருங்க. யாரும் கல்லுமேல ஏற வேண்டாம்."

வட்டம் கட்டினார்கள். அதில் ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது. மேசையிலிருந்து இறக்கிவிடப்பட்ட வீரபாகு தயங்கித் தயங்கி வந்து அந்த இடத்தில் நின்றார். அவருக்குப் பின்னால் மன்னாரு.

சுழலிக்குப் பின்னால் நின்றவள் வெடுக்கி. "அசையாதே" என்று உறுமிவிட்டுத் தேடினாள். பிடரி மடிப்பில் ஒரு பொடி உண்ணி அப்போதுதான் இடம் தேடிக்கொண்டிருந்தது. வெடுக்! தீர்ந்தது. இத்தனை காலமும் யார் யாரையோ கடித்து வீணாக்கிய திறமைக்கு அன்றுதான் ஒரு வேலை கிடைத்தது. வெடுக்கிக்கே சந்தோஷம் தாங்கவில்லை. "இன்னும் யாருக்காவது இருக்கா?" என்று வட்டத்தைச் சுற்றி வந்தாள்.

வீரபாகு கண்ணை இறுக மூடி நின்றிருந்தார். மருந்து பட்ட தலையில் மன்னாருவின் அலகு மெதுவாகக் கோதியது. இந்தக் காப்பகத்துக்கு வந்த நாளிலிருந்து அந்தத் தலையை யாரும் கோதியதில்லை, அவர்தான் விடவில்லையே. பிறகு மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்."

நீலச் சட்டைக்காரர்கள் வட்டத்தைச் சுற்றி வந்து எல்லார் தலையையும் ஒருமுறை பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. வீரபாகுவைத் தவிர எல்லாரையும் பெட்டிகளில் ஏற்றினார்கள். வெடுக்கியையும் ஏற்றினார்கள், ஏற்றியவருக்குக் கையில் ஒரு கடி. மன்னாருகூட ஏறினான். அலை இல்லாத வாழ்வு அலுத்துவிட்டது என்றான். உண்மையில், வட்டத்தில் நின்றபோது யாரோ அவன் தலையையும் கோதிவிட, அவனுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

தீவுக்கு அருகே படகு நின்றது. பெட்டியின் கதவு திறந்ததும் சுழலி நீரில் பாய்ந்தாள். வழியில் எதிர்ப்பட்ட மீன்களை எல்லாம் விழுங்கிக்கொண்டே நீந்தினாள். வயிறு நிறையக் குஞ்சுக்கு உணவோடு கரையேறி, பாறைமேல் விழுந்து எழுந்து ஓடினாள்.

வளை வாசலில் கடற்காகம் உட்கார்ந்திருந்தது. அதற்கும் வளைக்கும் நடுவே பொறையன் நின்றிருந்தான். நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. காற்று அடித்த பக்கம் சாய்ந்தான், ஆனால் நகரவில்லை. அவன் காலடியில் சாம்பல்நிறப் பஞ்சு. அதன் வாய் திறந்தே இருந்தது.

சுழலியைப் பார்த்ததும் கடற்காகம் எழுந்து சோம்பலாக மேட்டுப் பாறைக்குப் பறந்துவிட்டது.

"வந்துட்டியா" என்றான் பொறையன். அவ்வளவுதான் கேட்டான். குஞ்சு கத்திக்கொண்டே அவள் அலகை நோக்கித் தாவியது.

சுழலி பின்வாங்கினாள். தொண்டைவரை மீன் இருந்தது. குஞ்சின் பசி அவள் நெஞ்சைக் கிழித்தது. இருந்தும் அதைத் தொடவில்லை. பொறையன் முன்னால் தலையைத் தாழக் குனிந்தாள்.

"முதல்ல என் தலையைப் பாருங்க."

"குஞ்சு சாகப் போகுது. இப்போ தலையா?" வாழ்நாளில் முதல் தடவையாகப் பொறையனுக்குக் கோபம் வந்தது.

"பாருங்க. எனக்குத் தெரியாது. அதனாலதான் சொல்றேன்."

பொறையன் பார்த்தான். நெற்றியிலிருந்து பிடரிவரை, கண்ணோரம், காதோரம், ஓர் இறகு விடாமல் பார்த்தான்.

"ஒன்னும் இல்லை" என்றான்.

அதன் பிறகுதான் அவள் நிமிர்ந்து குஞ்சுக்கு வாயைத் திறந்தாள்.

நீதி: பிறர் தலையைச் சோதிக்கப் போகிறவர், முதலில் தம் தலையைப் பிறரிடம் குனிந்து காட்ட வேண்டும்.